மார்க் சரி, டைமிங் தப்பு: டீசல் பம்ப் எங்கே சறுக்குகிறது?

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வலை பின்னுகிறவர்கள் ஒரு பக்கம், எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பவர்கள் இன்னொரு பக்கம். டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்பும், அதை எஞ்சினுக்குள் பீய்ச்சும் நாசிலும் பம்ப் கடைக்குப் போய்ச் சேருவது இந்த நாட்களில்தான். சரிபார்த்து வந்த பம்ப்பை டைமிங் மார்க்குக்கு, அதாவது எஞ்சினிலுள்ள அடையாளக் கோட்டுக்கு, நேராகப் பூட்டி எஞ்சினை ஓட்டிப் பார்த்ததும் வழக்கமான சண்டை ஆரம்பிக்கும். "மார்க்கு கரெக்டாதான் வெச்சேன்ணே, புகை தள்ளுது, பம்ப்லதான் கோளாறு" என்பார் மெக்கானிக். "டெஸ்ட் பெஞ்ச்ல ஓட்டிக் காட்டித்தானே குடுத்தேன், எஞ்சினைப் பாரு" என்பார் பம்ப் கடைக்காரர். கடைசியில் படகுக்காரர், "இந்தப் பம்ப் டிசைனே சரியில்லப்பா" என்று முடித்துவிடுவார்.

மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். மூன்றாமவர் சொல்வது எப்போது உண்மை என்பதுதான் கஷ்டமான கேள்வி. அதற்கு, டைமிங், அதாவது டீசலை எந்த நேரத்தில் பீய்ச்சுவது என்பது, பம்ப்பின் உள்ளே எந்தெந்தப் பாகத்தை நம்பி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலேறிக் காற்றை அழுத்தும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆனால் பீய்ச்சிய உடனே பற்றாது. துளிகள் ஆவியாகி, காற்றோடு கலந்து, பிறகுதான் தீ. இடையில் ஒரு மில்லி செகண்டோ அதற்குக் கொஞ்சம் கூடுதல் குறைவாகவோ நேரம் போகும். 1500 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சினில் அந்த ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க் 9 டிகிரி சுற்றிவிடும். 2400 ஆர்பிஎம்மில் 14 டிகிரிக்கும் மேல். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு, அதாவது டிடிசிக்கு, வருவதற்கு முன்பே டீசலை அனுப்பிவிட வேண்டியிருக்கிறது. ஊஞ்சலைத் தள்ளுவதை நினைத்துக்கொள்ளலாம். அது நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் கை வலிக்கும், தாண்டிப் போன பிறகு தள்ளினால் காற்றைத்தான் தள்ளுவோம்.

முன்கூட்டியே டீசல் போனால் எஞ்சின் கடகடவென்று அடிக்கும். அழுத்தம் உச்சியில் எகிறும், ஹெட் கேஸ்கட்டும் பிஸ்டனும் அடி வாங்கும். ஸ்டார்ட் செய்யும்போது சில சமயம் எதிர்ப்பக்கம் உதைக்கவும் செய்யும். தாமதமாகப் போனால் சத்தம் மிருதுவாகிவிடும், அதனால் ஆளை ஏமாற்றும். இழுவை குறையும், சைலன்சர் சூடேறும், காலையில் ஸ்டார்ட் செய்தால் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை, லோடு ஏறினால் கறுப்புப் புகை. சத்தம் குறைந்ததே என்று சந்தோஷப்பட்டு அப்படியே மாதக்கணக்கில் ஓட்டி, வால்வைக் கருக்கிக்கொண்டவர்கள் உண்டு.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆக, பம்ப்பில் நாம் விடும் ஒரு டிகிரி பிழை எஞ்சினில் இரண்டு டிகிரியாகத் தெரியும். பம்ப் பாடியின் நீள்துளையில் போல்ட்டைத் தளர்த்தி ஒரு நூல் அளவு திருப்புகிறோமே, அது எஞ்சினுக்குச் சின்ன விஷயமில்லை.

பழைய வரிசைப் பம்ப்களில், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி எலிமென்ட் (பேரல் என்ற குழாயும் அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர் என்ற தண்டும்) உள்ள இன்லைன் பம்ப்களில், டைமிங் பார்க்கும் முறை இன்றைக்கும் ஒன்றுதான்: சொட்டுப் பார்ப்பது. முதல் எலிமென்ட்டின் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் கழற்றி வைத்துவிட்டு, ஹோல்டரை மட்டும் திரும்பப் பூட்டி, அதில் கொக்குக் கழுத்துபோல வளைந்த சின்ன பைப்பை மாட்டுவார்கள். பிரைமரை, அதாவது டீசலைக் கையால் ஏற்றும் சின்ன பம்ப்பை, அடித்தால் அதில் டீசல் ஒழுகும். ஒருவர் ஃபிளைவீலை, எஞ்சின் ஓடும் திசையிலேயே, கம்பி போட்டு மெல்லத் திருப்புவார். பிளஞ்சர் மேலேறி பேரலில் உள்ள துளையை மூட மூட, ஒழுக்கு மெலியும். கம்பியாக வந்தது துளியாகும். துளிக்கும் துளிக்கும் இடைவெளி நீளும். நிற்கப்போகிற அந்த இடத்தில் கையை எடுக்கச் சொல்லிவிட்டு ஃபிளைவீல் மார்க்கைப் பார்க்க வேண்டும். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் தட்டிக் கொண்டுவரக் கூடாது. கால் சுற்றாவது பின்னே போய், மறுபடி முன்னோக்கி வர வேண்டும். இல்லையென்றால் கியர்களுக்கு இடையிலுள்ள பிளே (தளர்வு) மொத்தமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பல பம்ப்களின் பிளஞ்சர் தலையில், ஸ்டார்ட்டிங் சமயத்தில் டீசலைக் கொஞ்சம் தாமதமாக அனுப்ப ஒரு வெட்டு இருக்கும். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பியான ரேக், ஸ்டார்ட்டிங் நிலையில், அதாவது கூடுதல் டீசல் போகும் நிலையில், இருக்கும்போது சொட்டுப் பார்த்தால் அந்த வெட்டுதான் துளைக்கு எதிரே நிற்கும். நாம் பார்ப்பது ஓட்டத்தின் டைமிங் அல்ல, ஸ்டார்ட்டிங்கின் டைமிங். அதை வைத்து மார்க்கைச் சேர்த்தால், எஞ்சின் ஓடும்போது அவ்வளவு டிகிரி அட்வான்ஸில், அதாவது முன்கூட்டியே, அடிக்கும். மார்க் என்னவோ சரியாகத்தான் இருக்கும்.

அப்படியே எல்லாம் முறைப்படி செய்தாலும், நாம் பார்த்தது முதல் சிலிண்டரை மட்டும்தான். ஆறு சிலிண்டர் எஞ்சினில் 1-5-3-6-2-4 என்று பற்றுகிறதென்றால், பம்ப்பில் ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக 60 டிகிரி இருக்க வேண்டும். அரை டிகிரி முன்னே பின்னே இருந்தாலே பம்ப் கடையில் பிளஞ்சரைத் தூக்கும் டேப்பட்டை உயர்த்தியோ தாழ்த்தியோ சரிசெய்ய வேண்டும். இதைப் பேசிங் என்பார்கள். டீசல் அளவை மட்டும் ஆறு கண்ணாடிக் குழாய்களில் சமமாகக் காட்டிவிட்டுப் பேசிங் பார்க்காமல் கொடுத்த பம்ப், முதல் சிலிண்டரில் சரியாகவும் ஐந்தாவதில் தாமதமாகவும் பீய்ச்சும். படகில் பூட்டினால் ஒரே சீராக இல்லாத நடுக்கமும் புகையும்தான் மிச்சம். இது டிசைன் கோளாறு இல்லை. வேலையில் விட்ட குறை.

அப்புறம் பைப். எலிமென்ட்டில் துளை மூடியதும் நாசில் திறந்துவிடுவதில்லை. அழுத்த அலை பைப் வழியே ஓடிப்போக வேண்டும். டீசலுக்குள் ஒலியின் வேகம் செகண்டுக்கு ஏறத்தாழ 1,350 மீட்டர். 60 சென்டிமீட்டர் பைப்பைக் கடக்க அரை மில்லி செகண்டுக்குச் சற்றுக் குறைவு. 2400 ஆர்பிஎம்மில் அது மட்டுமே 6 டிகிரி. பம்ப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிலிண்டருக்குக்கூட ஏன் தேவையில்லாமல் வளைத்து நெளித்த நீளமான பைப் போட்டிருக்கிறார்கள் என்று யோசித்திருப்பீர்கள். ஆறு பைப்பும் ஒரே நீளம், ஒரே உள்விட்டம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். புதுப்பேட்டை பழைய பாகக் கடையில் கிடைத்த வேறொரு பைப்பை வளைத்துப் பூட்டியவருக்கு அந்தச் சிலிண்டர் மட்டும் தனி ராகம் பாடும்.

இனி டிசைன் பக்கம் வருவோம். பாஷ் நிறுவனம் 1927-ல் டீசல் இன்ஜெக்‌ஷன் பம்ப்பைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்தது. அந்தக் குடும்பம்தான் பாஷின் இந்திய நிறுவனமான பெங்களூரு மைக்கோ வழியாக நம் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் வந்தது. இதில் பிளஞ்சர் எப்போது அழுத்தத் தொடங்குகிறது என்பது அதைத் தள்ளும் மேடான சுழல் பாகமான கேமின் வடிவத்தால் நிலையானது. எவ்வளவு டீசல் என்பதை, பிளஞ்சரின் சாய்வெட்டு எப்போது வழிவிடுகிறது என்பது தீர்மானிக்கும். ஆக, தொடக்கம் நிலையானது, முடிவு மாறும். சி.ஏ.வி. நிறுவனம் 1956-ல் கொண்டுவந்த டிபிஏ ரோட்டரி பம்ப்போ நேர் எதிர். அதில் உள்ளே நுழையும் டீசலைத்தான் அளக்கிறார்கள். குறைந்த டீசல் நுழைந்தால் இரண்டு பிளஞ்சர்களும் குறைவாகத்தான் விலகும். அதனால் ரோலர்கள் கேமைத் தொடுவது தாமதமாகும். முடிவு நிலையானது, தொடக்கம் மாறும். லைட் லோடில் இந்தப் பம்ப் இயல்பாகவே தாமதமாகப் பீய்ச்சும். அதைச் சரிக்கட்டத்தான் பின்னாளில் லைட் லோடு அட்வான்ஸ் என்று தனியாக ஓர் அமைப்பைச் சேர்த்தார்கள். இந்தக் குடும்பத்துப் பம்ப்களை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மன்னூரில் டெல்ஃபை-டிவிஎஸ் ஆலையிலும் செய்தார்கள். டிராக்டர்காரர்களுக்கு இவை நல்ல பழக்கம்.

எது மேல் என்று கேட்டால், முரட்டுத்தனத்துக்கு வரிசைப் பம்ப், விலைக்கும் எடைக்கும் ரோட்டரி. வரிசைப் பம்ப்புக்கு எஞ்சின் ஆயில் தனியாக மசகு தருகிறது. பிளஞ்சர்களை மட்டும் டீசல் நனைக்கிறது. ரோட்டரியில் எல்லாமே டீசலில் குளித்துத்தான் ஓட வேண்டும். அழுக்கு, தண்ணீர், காற்று மூன்றுக்கும் அது அதிகம் பயப்படுவது இதனால்தான்.

வேகம் கூடக் கூட டைமிங் முன்னே போக வேண்டும் என்று மேலே பார்த்தோம். வரிசைப் பம்ப்பில் இதை எடைக்கட்டிகளும் ஸ்பிரிங்கும் உள்ள டைமர் செய்கிறது. ரோட்டரியில் செய்வது டீசல் அழுத்தம். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபர் பம்ப், வேகம் கூடினால் அழுத்தத்தைக் கூட்டும்; அந்த அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளும்; பிஸ்டன் கேம் ரிங்கைத் திருப்பும். அழகான யோசனைதான். ஆனால் பில்டர் அடைத்துக்கொண்டாலோ, டிரான்ஸ்ஃபர் பம்ப்பின் பிளேடு தேய்ந்தாலோ, ஏதோ ஒரு வாஷர் வழியாகக் காற்று இழுத்தாலோ, அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாவிட்டால் அட்வான்ஸ் ஏறாது. நின்ற எஞ்சினில் மார்க்கைப் பார்த்தால் துல்லியமாக இருக்கும். 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் தாமதம். நான் பார்த்தவரை, டைமிங் கோளாறு என்று வரும் ரோட்டரி பம்ப் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது பில்டரும் சப்ளை பைப்பும்தான், பம்ப் அல்ல.

2012-ஐ ஒட்டிய மின்வெட்டு நாட்களில் சென்னையில் தெருவுக்கு நாலு ஜெனரேட்டர் முளைத்தது நினைவிருக்கும். ஜெனரேட்டர் எஞ்சினுக்கு எப்போதும் ஒரே வேகம், 50 ஹெர்ட்ஸுக்கு 1500 ஆர்பிஎம். அதற்கு அட்வான்ஸ் டைமரே அவசியமில்லை. அந்த ஒரு வேகத்துக்குப் பொருந்துமாறு நிலையாக வைத்தால் போதும். பழைய லாரி பம்ப்பைத் தூக்கி ஜெனரேட்டரில் வைத்தாலோ, ஜெனரேட்டர் பம்ப்பை லாரிக்கோ படகுக்கோ போட்டாலோ மார்க் பொருந்தும், டைமிங் பொருந்தாது. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பம்ப்பின் பெயர்த்தகட்டில் உள்ள எண்ணைப் படிக்காமல் வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

சரி, உண்மையான டிசைன் கோளாறு எப்படி இருக்கும்? வெவ்வேறு மெக்கானிக்குகள் கைபட்ட எஞ்சின்களில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி உடைந்தால் அங்கே டிசைனைச் சந்தேகிக்கலாம். அமெரிக்காவில் நடந்த சில கதைகள் இதற்குப் பாடம்.

1994 முதல் 1998 வரை டாட்ஜ் பிக்கப் வண்டிகளில் கம்மின்ஸ் எஞ்சினோடு வந்த பாஷ் பி7100 பம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மிக உறுதியான பம்ப், இன்றைக்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் அதன் டிரைவ் கியர் கூம்பு வடிவ ஷாஃப்ட்டில் சாவி, அதாவது கியர் நழுவாமல் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டு, இல்லாமல் உட்காருகிறது. நட்டின் இறுக்கமும் கூம்பின் உராய்வும் மட்டுமே கியரைப் பிடித்து வைத்திருக்கின்றன. பூட்டும்போது கூம்பில் ஒரு துளி ஆயில் இருந்தாலோ நட்டு இறுக்கம் போதாவிட்டாலோ, கியர் நழுவும், டைமிங் ஒரு நாள் திடீரென்று தாமதமாகிவிடும். கியர் மார்க்கைப் பார்த்தால் ஒரு பிசகும் தெரியாது, ஏனென்றால் நழுவியது பல் அல்ல, ஷாஃப்ட். இதைக் கோளாறு என்பதா, சுத்தமாகப் பூட்டாதவர் குற்றம் என்பதா? சாவி இல்லாததால்தான் டைமிங்கை எந்த டிகிரியிலும் நுணுக்கமாக வைக்க முடிகிறது என்பது டிசைனர் தரப்பு வாதம். என் தீர்ப்பு: வேலை செய்கிறவர் துடைக்க மறந்தால் எஞ்சினே படுத்துவிடும் என்றால், அந்த டிசைன் பாதி வேலையை மெக்கானிக்கின் துணியிடம் ஒப்படைத்திருக்கிறது.

ரூசா மாஸ்டர் என்ற அமெரிக்க ரோட்டரி பம்ப்களின் கதை வேறு. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் எடைகளைப் பிடிக்கும் கூட்டில் அதிர்வைத் தாங்க ஒரு மிருதுவான வளையம் வைத்தார்கள். ஆண்டுகள் ஓடினால் அது மக்கித் துணுக்குகளாகும். துணுக்குகள் ரிட்டர்ன் பைப் முகப்பை அடைக்கும். ரிட்டர்ன் அடைத்தால் பம்ப் கூட்டுக்குள் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் அட்வான்ஸ் பிஸ்டனை எதிர்த்து நிற்கும், டைமிங் பின்வாங்கும். முற்றினால் எஞ்சின் நின்றுவிடும். ரப்பர்போன்ற ஒரு சின்ன வளையத்துக்கும் டைமிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் யாருக்கும் தோன்றாது. பின்னாளில் அந்த அமைப்பையே மாற்றினார்கள்.

1998-க்குப் பிறகு அதே டாட்ஜ் வண்டிகளுக்கு வந்த விபி44 பம்ப்பில் டைமிங்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. அந்தக் கம்ப்யூட்டர் சர்க்யூட்டைப் பம்ப்பின் தலையிலேயே வைத்து, உள்ளே ஓடும் டீசலால்தான் அதைக் குளிர்வித்தார்கள். டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிக் கொடுக்கும் சின்ன பம்ப் பலவீனமானது. அது சோர்ந்தால் பெரிய பம்ப்புக்கு மசகும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. விலை குறைந்த பாகம் போனதால் விலை கூடிய பாகம் செத்தது.

இன்னும் பக்கத்தில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயில் (ரயில்) டீசலை அழுத்தத்தோடு தேக்கி வைக்கும் காமன் ரயில் காலத்தில், பாஷ் சிபி4. இந்தப் பம்ப் அழுத்தத்தை மட்டும்தான் உருவாக்குகிறது. எப்போது பீய்ச்சுவது என்பதை இன்ஜெக்டரும் ஈசியூ என்ற எஞ்சின் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் உள்ளே கேமின் மேல் ஓடும் ரோலர் டேப்பட் தன் துளைக்குள் திரும்பிக்கொண்டால், ரோலர் உருளாமல் கேமை உரசிச் சுரண்டும். இரும்புத் துகள் ரயில், இன்ஜெக்டர், டேங்க் வரை போய்விடும். பம்ப்பை மாற்றினால் மட்டும் போதாது, மொத்த சிஸ்டத்தையும் மாற்ற வேண்டும். 2019, 2020 மாடல் ராம் பிக்கப் வண்டிகளை, இரண்டு லட்சத்துக்கும் மேல், 2021 இறுதியில் திரும்ப அழைத்து, அந்தப் பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பழைய சிபி3 வகையைப் போட்டுக் கொடுத்தார்கள். புதிய டிசைனை எடுத்துவிட்டுப் பழையதுக்கே போவதைவிட வெளிப்படையான ஒப்புதல் இருக்க முடியாது.

நான்கிலும் ஒரு பொது அம்சம் தெரிகிறது. முக்கியமான ஒரு வேலையை, மெல்ல மெல்லத் தேயும் அல்லது தளரும் ஏதோ ஒன்றின் மேல் சுமத்தி, அது தளர்வதை யாரும் வெளியிலிருந்து பார்க்க முடியாதபடி மூடி வைத்திருக்கிறார்கள். காசிமேட்டுக்காரர் திட்டும் பம்ப்பிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் இருக்காது. அங்கே வில்லன் தண்ணீர். பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி 2, 3 மைக்ரான்தான். அதற்குள் கடல் தண்ணீர் ஒரு துளி போய் இரண்டு மாதம் தடைக்காலத்தில் அப்படியே கிடந்தால் துரு பிடித்து இறுகிவிடும், அல்லது கோடு விழும். கோடு விழுந்த பிளஞ்சர், ஸ்டார்ட்டிங் வேகத்தில் அழுத்தத்தைத் தாமதமாகத்தான் கட்டும். அதுவும் டைமிங் கோளாறாகத்தான் தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த டேங்குகளோடு ஓட்டிய வண்டிகளிலும் இதே கதைதான்.

டீசலே மாறிவிட்டது என்ற குறையும் நியாயமானதே, பாதி. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான். அதற்கு முந்தைய பிஎஸ்-4-ல் 50. கந்தகம் போனதால் வழவழப்பு போயிற்று என்பார்கள். உண்மையில் மசகு தந்தது கந்தகம் அல்ல. கந்தகத்தை நீக்கும் ஹைட்ரஜன் சுத்திகரிப்பு, இயல்பாகவே வழவழப்புத் தரும் வேறு சில சேர்மங்களையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. அதை ஈடுகட்ட ஆலையில் சேர்க்கைப் பொருள் கலக்கிறார்கள். சோதனையில் உராயும் உருண்டையில் விழும் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது விதி. விதிப்படி வந்த டீசல் பழைய பம்ப்பைக் கொல்லாது. மண்ணெண்ணெய் கலந்த டீசல் கொல்லும்.

இன்னொரு விஷயத்தை மெக்கானிக்குகள் டிசைன் பிழை என்றே நினைக்கிறார்கள். புதிய எஞ்சின்களின் டைமிங் பழையவற்றைவிடத் தாமதமாக வைக்கப்பட்டிருக்கும். அது வேண்டுமென்றே செய்தது. முன்கூட்டியே பீய்ச்சினால் எரிப்பு வெப்பம் ஏறி நைட்ரஜன் ஆக்சைடு பெருகும். மாசு விதி அதைத்தான் தடுக்கிறது. டீசல் செலவு குறையட்டும் என்று அதை இரண்டு டிகிரி முன்னே தள்ளிவைப்பவர்கள் உண்டு. கொஞ்ச நாள் இழுவை கூடினதுபோல இருக்கும், பிறகு கேஸ்கட் செலவு வரும். மாசு விதிக்காக மெக்கானிக்கல் பம்ப்பை உடனே கைவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2017-ல் பிஎஸ்-4 வந்தபோது அசோக் லேலண்ட், ஐஇஜிஆர் என்ற புகை மறுசுழற்சி முறையோடு வரிசைப் பம்ப்பையே லாரிகளில் வைத்துக்கொண்டது. தெருவோர மெக்கானிக் சரிசெய்ய முடிகிற பம்ப் என்பதுதான் அதன் விற்பனைப் பேச்சாகவும் இருந்தது.

பம்ப் கடையிலிருந்து பம்ப்பை வாங்கும்போது டெஸ்ட் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வரிசைப் பம்ப் என்றால் ஆறு எலிமென்ட்டுக்கும் பேசிங் டிகிரி, ரோட்டரி என்றால் எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு டிரான்ஸ்ஃபர் அழுத்தம், அட்வான்ஸ் எத்தனை டிகிரி நகர்ந்தது, இந்த எண்கள் அதில் இருக்க வேண்டும். டீசல் அளவு மட்டும் எழுதிய சீட்டு பாதிச் சீட்டு. பூட்டுவதற்கு முன் டேங்கின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து ஒரு கிளாஸ் டீசலைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் தண்ணீர் தெரிந்தால், சீட்டில் எது எழுதியிருந்தாலும் பம்ப்பைப் பூட்ட வேண்டாம், முதலில் டேங்கைக் கழுவுங்கள்.